பதினோரு மூளிகள்

பூனைகளின் காதை வெட்டச் சொன்னது நான்தான். டாக்டர் யேசுதாஸ் கேட்டார், நான் சொன்னேன். கங்கம்மாள் அப்போது மருந்தகத்துக்கு வெளியே புங்கமரத்தடியில் கூடைகளோடு உட்கார்ந்திருந்தாள். எழுந்து போய் அவளை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வர இருபது அடிகூட நடக்க வேண்டியதில்லை. நான் நடக்கவில்லை.

அது 1976ஆம் வருடம். எனக்கு இருபத்திரண்டு வயது. பழவேற்காடு ஏரிக்குள் இருக்கும் சங்குமேட்டுக்குப்பத்தின் ஆரம்பப் பள்ளியில் ஆசிரியையாக முதல் வேலை. பழவேற்காட்டில் ஓர் அறையில் தங்கிக்கொண்டு தினமும் காலையில் படகில் குப்பத்துக்குப் போவேன். மடியில் எப்போதும் ஒரு மொழிபெயர்ப்பு நாவல் இருக்கும். எல்லாம் பனி பெய்யும் ஊர்களின் கதைகள். ஏரியின் மேல் வெயில் வெள்ளையாக விரிந்து கிடப்பதைப் பார்த்து, உறைந்துபோன ஓர் ஆற்றைக் கடக்கிறேன் என்று நினைத்துக்கொள்வேன். கூடவே படகில் வருகிறவர்கள் பேசுவது எதுவும் என் காதில் விழாது. இரண்டு வருடம் அந்த ஊருக்குப் போய் வந்தேன். அந்த ஊரின் பேச்சை நான் கேட்டதில்லை.

கங்கம்மாள் பள்ளிக்குப் பின்னால் இருந்த கருவாட்டுக் களத்தில் பொடிமீன் காயவைக்கிறவள். நாற்பத்தைந்து வயது இருக்கும். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. வெயிலோ நிழலோ, முந்தானை தலையிலேயே கிடக்கும். காலையில் படகுகள் எல்லாம் போன பிறகுதான் குடிசையை விட்டு வெளியே வருவாள். தாமதமாக எழுகிறவள் என்று நினைத்திருந்தேன். களத்தைச் சுற்றிப் பதினோரு பூனைகள். அவை யாருடையவையும் இல்லை. கழித்துப் போட்ட மீனை அவள் அள்ளி வீசுவாள், அவை தின்னும். ஏன் வளர்க்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன்.

"நான் எங்க வளக்கறேன்? அதுங்க கீது, நானும் கீறேன்" என்றாள்.

ஐப்பசி மழை முடிந்த சமயம் ஒரு நாள் அவள் பள்ளி வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

"பெரியதனம் சொல்ட்டாரு டீச்சரம்மா. தை பொறந்தா புதுசா ஒரு குட்டி கண்ணுல படக் கூடாதாம். பட்டா அல்லாத்தையும் சாக்குல கட்டி முகத்துவாரத்துல உட்ருவாங்களாம்."

பெரியதனம் என்று அவள் சொன்னது ஊர்த் தலைவர் தேசப்பனை. அந்த வருடம் குட்டிகள் அதிகம். காய்கிற மீனில் வாய் வைத்துக்கொண்டே இருந்தன.

"நீங்க ஒண்ணும் சொல்லலையா கங்கம்மா?"

"சொல்லாம? பூன இல்லன்னா எலி உன் வலைய சல்லடையாக்கிடும், அப்பறம் சல்லடைய எட்த்துக்கினு போயி மீன் புடின்னேன். சிரிச்சாங்க. சிரிச்சிட்டு, சரி, கீறது கீட்டும், இனிமே பொறக்கக் கூடாதுன்னாங்க. பொறக்காதேன்னு நான் போயி பூன காதுல ஓதறதா?"

நான் படித்த ஏதோ ஒரு நாவலில், பெரிய நகரம் ஒன்றில் தனியாக வாழும் ஒருத்தி தெருப் பூனைகளை வைத்தியரிடம் தூக்கிப் போவாள். அவை குட்டி போடாதபடி அறுவை செய்து, பிடித்த இடத்திலேயே கொண்டுவந்து விடுவாள். கதையில் அது நான்கு வரிதான். அந்த நான்கு வரி எனக்குள் வெளிச்சம் போட்டது போல எரிந்தது. செய்யலாம் கங்கம்மா, வழி இருக்கிறது என்றேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்படி ஒருவர் என்னை நம்பிப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பொன்னேரி போகும் வழியில் ஓர் ஊரில் கால்நடை மருந்தகம் இருந்தது. டாக்டர் யேசுதாஸ் விஷயத்தைக் கேட்டதும் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தே விட்டார்.

"பூனையா! காலேஜுல ரெண்டு பூனைக்குப் பண்ணியிருக்கேன்மா. இங்க வந்து ஏழு வருஷமா மாட்டுக்கு வயிறு உப்பிச்சு, கோழிக்குக் கழிச்சல். கொண்டாங்க. முந்தின ராத்திரியிலேர்ந்து வயித்துல ஒண்ணும் இருக்கக் கூடாது, அது முக்கியம்."

கங்கம்மாளுக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது. பட்டினி போட்ட பூனை காலைச் சுற்றிச் சுற்றி வருகிறது என்று அழாத குறையாகச் சொன்னாள். அதற்கு ஈடாக, திரும்பி வந்ததும் ஒவ்வொன்றுக்கும் ஒரு கை இறால் கொடுப்பது என்று ஏற்பாடு செய்துகொண்டாள்.

முதல் சனிக்கிழமை ஒரு பெட்டைப் பூனையை மட்டும் மீன் கூடையில் வைத்து, மேலே பழைய வலையைப் போட்டுக் கட்டி எடுத்துப் போனோம். பஸ்ஸில் கண்டக்டர் வந்தார்.

"கூடையில இன்னா?"

"மீனு" என்றாள் கங்கம்மாள்.

"மீனு கத்துது?"

"கெளுத்தி நைனா. கெளுத்தி கத்தும், தெரியாதா?"

"கெளுத்தி மியாவ்னு கத்துமா?"

"ஏரிக் கெளுத்தி. நீ ஆத்துக் கெளுத்திதான் பாத்திருப்பே."

பஸ்ஸே சிரித்தது. கண்டக்டரும் சிரித்துக்கொண்டே போய்விட்டார். கங்கம்மாள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். முந்தானையின் ஓரத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு சிரித்தாள்.

குப்பத்திலும் சிரிப்புக்குக் குறைவில்லை. ஊரெங்கும் சுவரில் குடும்பக் கட்டுப்பாட்டின் சிவப்பு முக்கோணம் வரைந்திருந்த காலம் அது. படகுத்துறையில் மீன்பிடிக்கிற துலுக்காணம் என்னை நிறுத்தினான்.

"இன்னா டீச்சர், பூனைக்கும் முக்கோணமா? சர்க்காருக்கு ஆளு கெடைக்கல, பூனையப் புடிக்குது போல!" என்றவன், கங்கம்மாள் பக்கம் திரும்பி, "காயடிச்ச பூன எலி புடிக்குமா, இல்ல ஊட்ல குந்திக்குமா?" என்றான்.

"நீ காயடிக்காமயே ஊட்லதான குந்திக்கினு கீற" என்றாள் கங்கம்மாள். வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் ஊளையிட்டார்கள். துலுக்காணம் சிரிக்கவில்லை.

இரண்டாவது சனிக்கிழமை மூன்று பூனைகள். அவற்றில் ஒன்று நான் பிடித்தது. பள்ளி வராந்தாவில் படுத்திருந்த கறுப்புப் பூனையைப் பெருமையோடு கூடையில் போட்டுக் கட்டிவிட்டேன். கங்கம்மாள் பிறகு திறந்து பார்க்கவில்லை. களத்தில் மூன்று கறுப்புப் பூனைகள் இருந்தன. அவளுக்கு அவை மூன்று வேறு முகங்கள், எனக்கு ஒரே கறுப்பு. டாக்டர் மயக்க மருந்து கொடுத்து, வயிற்று மயிரைச் சிரைத்த பிறகுதான் பழைய தையலைக் கண்டார். முதல் வாரம் வந்த அதே பூனை. இரண்டாம் முறை மயக்கம் தாங்காமல் அதன் மூச்சு நின்று நின்று வந்தது. அவர் அரை மணி நேரம் அதன் நெஞ்சைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"இப்படி ஆகக் கூடாது" என்றார் வியர்வையைத் துடைத்துக்கொண்டு. "மாட்டுக்குன்னா காதுல தகடு அடிப்போம். பூனைக்கு என்ன அடையாளம் போடறது? தூரத்துலேர்ந்து பார்த்தாலே தெரியணும்."

"காது நுனியைக் கொஞ்சம் வெட்டிட்டா?" என்றேன்.

சொன்ன அந்த நொடியில் எனக்கு மனசில் வந்தது என் அப்பாவின் தோள். திருவள்ளூரில் எங்கள் வீட்டில் எல்லோர் தோளிலும் சங்கும் சக்கரமும் சுட்ட தழும்பு உண்டு. எனக்குப் பன்னிரண்டு வயதில் போட்டார்கள். வெள்ளி முத்திரையை அக்கினியில் காய்ச்சி ஆசார்யர் தோளில் ஒற்றியபோது நான் கத்தினேன். அம்மா என் வாயைப் பொத்தி, இது பெருமாளோட அடையாளம்டி, இனிமே யமன்கூட உன்னைத் தொட யோசிப்பான் என்றாள். உடம்பில் ஒரு தழும்பு என்றால் அது காவல் என்றுதான் எனக்குத் தெரியும். வேறு மாதிரியும் ஒரு தழும்பு இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

டாக்டருக்கு யோசனை பிடித்துவிட்டது. மயக்கத்தில் கிடந்த மூன்று பூனைகளுக்கும் இடது காதின் நுனியை அரை விரல் அளவுக்கு நேராக வெட்டி, மருந்து தடவிக் கொடுத்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் கங்கம்மாள் வலையை விலக்கிப் பார்த்தாள்.

"காது இன்னா ஆச்சி?"

நான் உற்சாகமாகச் சொன்னேன். இனி குழப்பம் வராது, இந்தக் காதைப் பார்த்தால் இது முடிந்தது, இதைத் தொடாதே என்று யாருக்கும் தெரிந்துவிடும் என்றேன். அவள் வலையை மறுபடி மூடினாள். முந்தானையைத் தலையில் இன்னும் முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"என்னிய ஒரு வார்த்த கேட்ருக்கலாம் டீச்சரம்மா."

"வலிச்சிருக்காது கங்கம்மா. மயக்கத்துலதானே இருந்தது."

"வலிய சொல்லல."

வேறு எதைச் சொல்கிறாள் என்று நான் கேட்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி உப்பங்கழியைப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

அடுத்த முறை, மற்றதுக்காவது வெட்ட வேண்டாம் என்றாள். அடையாளம் இல்லாமல் டாக்டர் இனிமேல் செய்ய மாட்டார் என்றேன். அது உண்மைகூட இல்லை. நான் அவரைக் கேட்டுப் பார்க்கவில்லை. தை பிறக்க ஆறு வாரம்தான் இருந்தது. அவள் கூடையை எடுத்துக்கொண்டாள். மார்கழிக்குள் ஏழு பெட்டை, நான்கு கடுவன், பதினொன்றும் முடிந்தது. தேசப்பன் வீட்டுப் பூனையை மட்டும் அவர் மனைவி தாயாரம்மாள் தர மறுத்துவிட்டாள். எங்கூட்டுப் பூன மீன் திருடாது என்றாள்.

தை பிறந்தது. களத்தில் புதிதாக ஒரு குட்டி இல்லை. தேசப்பன்கூட ஒருமுறை, பரவால்லயே டீச்சரம்மா என்று சொன்னார். பூனைகள் சண்டை போடாமல், கத்தாமல், மினுமினுப்பாகக் கொழுத்துக் களத்தின் ஓரமாகப் படுத்திருந்தன. அந்த மாதம் முழுவதும் நான் குப்பத்தின் பாதையில் நடக்கும்போது தலை கொஞ்சம் நிமிர்ந்துதான் நடந்திருப்பேன்.

மாசியில் துலுக்காணத்தின் பாடு வந்தது. ஏரியில் மீன் நன்றாகப் படும் இடங்களை ஊரே சீட்டுப் போட்டுக் குடும்பங்களுக்கு முறை வைத்திருக்கும். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். மாதத்தில் ஒரு வீட்டுக்கு இரண்டு நாள் வந்தால் அதிகம். அன்று விட்டால் அடுத்த முறை வரை அரை வயிறுதான். அன்று விடிகாலையில் அவன் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு துறைக்கு வரும்போது படகின் முன்முனையில், அணியத்தில், ஒரு பூனை உட்கார்ந்திருந்தது. வெட்டுக் காதோடு அவனைப் பார்த்துக் கொட்டாவி விட்டிருக்கிறது. மத்தியானம் அவன் விலைக்காகாத சொறிமீனும் பாசியும் மட்டும் கொண்டுவந்தான்.

துறையில் நின்று அவன் மனைவி கனகாம்பாள் போட்ட சத்தம் பள்ளிக்கூடம் வரை கேட்டது.

"மூளி முகத்துல முழிச்சா மீனு எங்கேர்ந்து வரும்? ஒண்ணு இருந்தா பரவால்ல, ஊரு பூரா மூளிய உட்டு வெச்சிக்கிறாளே அந்த மூளி!"

எங்கள் தெருவிலும் அந்தச் சொல் உண்டு. காதில் தோடு போடாமல் கிளம்பும் பெண்ணை, என்னடி மூளி மாதிரி என்று கடிந்துகொள்வார்கள், அவ்வளவுதான். குப்பத்தில் அது அப்படி இல்லை. காது அறுந்த எதுவும், மனுஷியானாலும் ஆடானாலும், ஏரிக்குப் புறப்படுகிறவன் எதிரே வரக் கூடாது. வந்தால் அன்று வலை வெறும் வலைதான். இது அந்த ஊரில் ஐந்து வயதுக் குழந்தைகளுக்கும் தெரியும். என் வகுப்பில் முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். கேட்டிருந்தால் யாராவது சொல்லியிருப்பார்கள்.

அதன் பிறகு யாருக்கு மீன் படவில்லை என்றாலும் காரணம் தயாராக இருந்தது. பத்து நாளில் ஊர் கூடியது. சாயங்காலம் வலைக் கொட்டகையில் உட்கார்ந்தார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். கங்கம்மாள் பெண்கள் பக்கம் கடைசியில் நின்றாள்.

நான் எழுந்து பேசினேன்.

"காதை வெட்டச் சொன்னது நான்தான். கங்கம்மாளுக்குத் தெரியாது. அது ஊனம் இல்லை, அடையாளம். இதுமேல யாரும் கை வைக்கக் கூடாதுன்னு போட்ட முத்திரை."

தேசப்பன் மரியாதையாகத்தான் பதில் சொன்னார். "முத்திர உங்க ஊட்ல டீச்சரம்மா. இங்க அது மூளி."

"அது குட்டி போடாது. நீங்க கேட்டது அதுதானே? ஒரு குட்டிகூட இல்லையே."

"குட்டி வேணாம்னோம். மூளி வேணும்னோமா?"

துலுக்காணம் பின்னாலிருந்து சொன்னான். "ஒரு வகையில நல்லதாப் போச்சி. எது நல்லது எது கெட்டதுன்னு தேடிக்கினு கெடக்கத் தேவல்ல. டீச்சரே அடையாளம் வெச்சிக் குட்த்துட்டாங்க."

நிறைய பேர் சிரித்தார்கள். அப்போது கங்கம்மாள் பெண்கள் வரிசையை விலக்கிக்கொண்டு நடுவில் வந்தாள். தலையிலிருந்த முந்தானையை எடுத்துத் தோளில் போட்டாள். அவள் இடது காதின் கீழ்ப்பகுதி முழுசாக இல்லை. கம்மல் போட்ட இடம் இரண்டாகக் கிழிந்து, ஒரு பாதி சுருங்கிக் கன்னத்தோடு ஒட்டியிருந்தது. பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் அவள் புருஷன் குடிக்க வேண்டும் என்று கம்மலைப் பிடித்து இழுத்தானாம். இதைப் பிற்பாடு கனகாம்பாள்தான் எனக்குச் சொன்னாள். படகுகள் போகும் முன் குடிசையை விட்டு வெளியே வரக் கூடாது என்று ஊர் அப்போதே சொல்லிவிட்டதாம்.

"மூளியெல்லாம் முகத்துவாரத்துக்குன்னா என்னியும் போடுங்க" என்றாள்.

கூட்டத்திலிருந்து ஒரு குரல், "உன்னியப் போட்டா முகத்துவாரம் அடச்சிக்கும்" என்றது. மறுபடி சிரித்தார்கள். பெண்களும் சிரித்தார்கள். கங்கம்மாள் சிரிப்பு முடியும் வரை அங்கேயே நின்றாள்.

தேசப்பன் முடிவைச் சொன்னார். வேட்டையாடிக்கொண்டு திரிய யாருக்கும் நேரமில்லை. கருவாட்டில் பாஷாணம் தடவிக் களத்தில் போட்டுவிடலாம். அது வேண்டாமென்றால் கங்கம்மாளே பிடித்துக் கொடுக்கட்டும். நாளை ஒரு நாள் கெடு.

படகில் திரும்பும்போது எனக்கு எதுவும் தோன்றவில்லை. மறுநாள் வெயில் ஏறிய பிறகுதான் தோன்றியது. டாக்டர் மருந்தகத்துக்குப் பின்னால் பழைய மாட்டுக் கொட்டகை இருந்தது. பதினொன்றையும் அங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்ளச் சொன்னால் அவர் மறுக்க மாட்டார். முதல் படகு போயிருந்தது. இரண்டாவதில் போனேன். துறையில் இறங்கிக் களத்துக்கு ஓடினேன்.

கங்கம்மாள் தரையில் உட்கார்ந்து மீன் கூடைகளைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தாள். முந்தானை தோளில் கிடந்தது.

"கங்கம்மா, பூனை எல்லாம்..."

"துலுக்காணம் படகு வெச்சிக்கினு வந்தான். நானும் கூடவே போனேன்."

"இன்னிக்குப் பூரா கெடுன்னுதானே சொன்னாங்க! சாயந்திரம் வரைக்கும் இருக்கே! டாக்டர்கிட்ட..."

"பாஷாணம் தின்னா எப்டி சாவும், நீ பாத்ருக்கியா டீச்சரம்மா? நான் பாத்ருக்கேன். தண்ணின்னா சீக்கிரம்." அவள் கூடையைக் கவிழ்த்து உதறினாள். "அவனுங்க புடிச்சா ஒண்ணு வராது. நான்தான் கூப்ட்டேன். கூடைய வெச்சதும் அதுங்களாவே ஏறிச்சி. கூடையில போயி வந்தா இறால் கெடைக்கும்ல. பழகிடுச்சி."

நான் அவள் பக்கத்தில் உட்காரப் பார்த்தேன். ஈரம், புடவை பாழாயிடும் என்றாள்.

"என்னை மன்னிச்சிடுங்கோ" என்றேன்.

"உன்னிய நான் இன்னா சொன்னேன்? நீ நல்லதுக்குத்தான் செஞ்சே. எல்லாம் நல்லதுக்குத்தான் செய்றாங்க." கடைசிக் கூடையை வெயிலில் வைத்தாள். "டாக்டரு கேட்டா, அல்லாம் நல்லா கீதுன்னு சொல்லிடு. அந்த மனுசன் ஒரு பூனைக்கு அர மணி நேரம் நெஞ்சத் தேச்சாருன்னு சொன்னியே. அவருகிட்ட இத சொல்லாத."

துலுக்காணத்தின் அடுத்த பாடு நாளிலும் சொறிமீன்தான் வந்தது. அதைப் பற்றி யாரும் பேசவில்லை. பங்குனியில் கொட்டகையில் கட்டித் தொங்கவிட்டிருந்த வலைகளில் எலி ஓட்டை போட ஆரம்பித்தது. தாயாரம்மாளின் பூனை நான்கு குட்டி போட்டது. ஊரில் நான்கு வீட்டுக்காரர்கள் போட்டி போட்டுக்கொண்டு கேட்டு வாங்கிப் போனார்கள். கங்கம்மாள் இப்போது படகுகள் கிளம்பும் நேரத்துக்கே எழுந்து, தலையை மூடாமல், துறைக்குப் போகும் பாதையின் ஓரத்தில் வந்து நின்றாள். ஆண்கள் சுற்றிக்கொண்டு போனார்கள். அவளைச் சாக்கில் கட்ட முடியாது. ஆனால் அவளிடம் பொடிமீன் போடுவதை ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். சித்திரை முடிவதற்குள் அவள் கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு செங்கல் சூளைக்கு வேலைக்குப் போய்விட்டாள். போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

பள்ளி விடுமுறை விட்ட அன்று திருவள்ளூர் போகிற வழியில் மருந்தகத்தில் இறங்கினேன். டாக்டர் யேசுதாஸ் என்னைக் கண்டதும் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். பதினோரு பூனைக்கும் தனித்தனிப் பக்கம், தேதி, எடை, தையல், ஒவ்வொன்றுக்கும் பென்சிலில் வரைந்த ஒரு சின்னக் காது. தான் படித்த கல்லூரிக்கு இதை எழுதி அனுப்பப்போகிறாராம். இந்த ஜில்லாவில் யாரும் இப்படிச் செய்ததில்லையாம். அடுத்து எந்தக் குப்பம் என்று கேட்டார். பார்க்கலாம் சார் என்றேன்.

"நாலஞ்சு மாசம் ஆகுதே. நம்ம பூனைங்க எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு சார்."

அவர் பேனாவைத் திறந்தார். "ஒண்ணாவது குட்டி போட்டுதா? உண்மையைச் சொல்லணும்மா. எழுதப்போறேன்."

"இல்லை சார்" என்றேன். "ஒண்ணுகூடப் போடலை."